மேடையில் யாரும் குதிப்பதில்லை

வீடியோ கேம் இசையைக் கேட்பதற்கு ஒரு சிம்பொனி இசைக்குழு, அதற்கு ஒரு டிக்கெட் என்று சொன்னால் எங்கள் வீட்டில் முதலில் சிரிப்பார்கள். பிறகு விலை கேட்பார்கள். விலையைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும். "அந்தப் பணத்துக்கு அந்தக் கேமையே வாங்கிவிடலாமே, பாப்பா" என்பார் அப்பா. கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் கோலாலம்பூரில் இப்படி ஒரு நிகழ்ச்சி வருகிறது என்று காதில் விழுந்தால், டிக்கெட் விற்பனை தொடங்கும் காலையில் கைபேசியை அலுவலக மேசைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருத்தி.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு விளையாடவே வராது.

பினாங்கின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டி வந்து இறங்கிய அன்றே கன்ட்ரோலர் அண்ணன் கைக்குப் போனது. அங்கேயே தங்கிவிட்டது. மைக்ரோ ஜீனியஸ் என்பது நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்த நகல். அசல் ஜப்பானியப் பெட்டியை எங்கள் குடியிருப்புத் தாமானில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. மலேசியாவில் என் வயதுக்காரர்கள் பலருக்கு அந்த நகல்தான் அசல். கேசட்டின் அட்டையில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் என்று போட்டிருக்கும். செருகிப் பார்த்தால் அதே சில விளையாட்டுகள் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

எங்கள் வீட்டுச் சட்டப்படி அண்ணன் செத்தால் எனக்கு ஒரு முறை. அண்ணன் லேசில் சாகமாட்டார். அவர் சாகும்வரை நான் சுவரில் சாய்ந்தபடி பாயில் காத்திருப்பேன். என் முறை வரும்போது முதல் பள்ளத்திலேயே விழுவேன். கன்ட்ரோலர் மறுபடியும் அவரிடம் போய்விடும். பள்ளி விடுமுறைகள் இப்படித்தான் கழிந்தன.

காத்திருப்பவளுக்குத் திரையில் என்ன வேலை? சிறிது நேரத்தில் பார்ப்பது அலுத்துவிடும். கேட்பது மட்டும் மிஞ்சும். அண்ணன் அந்த விளையாட்டுகளை விரல்களால் அறிந்துகொண்டார். நான் காதால் அறிந்துகொண்டேன். வருடங்கள் கழித்து அரங்குகளில் உட்கார்ந்து யோசிக்கும்போது எனக்குக் கிடைத்த பங்கு ஒன்றும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒலிச் சில்லுக்கு ஐந்தே குரல்கள். இரண்டு குரல்கள் மெட்டையும் அதன் துணையையும் பாடும். மூன்றாவது முக்கோண அலை. அடியில் பாஸ் போடும். நான்காவது வெறும் இரைச்சல். அதை நறுக்கி நறுக்கித் தாளமாக்குவார்கள். ஐந்தாவது, பதிவுசெய்த சின்னச் சின்ன ஒலிகளுக்கு. 1985-இல் கோஜி கொண்டோ 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு இசையமைத்தபோது அந்த முழு விளையாட்டுக்கும் கேசட்டில் கிடைத்த இடம் 40 கிலோபைட். மேகம், குழாய், ஆமை, அரண்மனை எல்லாம் போக மிச்சத்தில்தான் இசை. இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரியது.

இடப் பஞ்சம் போதாதென்று இன்னொரு தொல்லையும் உண்டு. குதிக்கும் ஓசை, காசு கிடைக்கும் ஓசை எல்லாமும் அதே குரல்களிலிருந்துதான் வர வேண்டும். விளையாட்டின் நாயகன் மாரியோ எம்பிக் குதித்தால், பாடிக்கொண்டிருக்கும் குரல்களில் ஒன்று அந்தக் கணத்துக்குப் பாட்டை விட்டுவிட்டுக் குதிப்புக்கு ஓசை கொடுக்கும். முடிந்ததும் ஓடிப்போய்ப் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். எங்கள் அண்ணனோ காரணமே இல்லாமல் குதிப்பவர். நடந்து போக வேண்டிய இடத்திலும் குதித்துக் குதித்துத்தான் போவார். ஆகவே, உலகமே முணுமுணுக்கும் அந்தப் பாட்டை நான் ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை. ஓட்டை ஓட்டையாகத்தான் கேட்டிருக்கிறேன்.

கோலாலம்பூரில் முதன்முறையாக ஒரு இசைக்குழு அதை என் முன்னால் வாசித்தபோது மற்றவர்கள் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் யாரும் குதிப்பதில்லை அல்லவா? மெட்டுக்குக் கீழே போகும் அந்தத் துணைக் குரல் கிளாரினெட்டில் ஒரு இடம்கூட அறுபடாமல் வந்தது. பல வருடங்களாக எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பாட்டில் எனக்குத் தெரியாத பாதி இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023-இல் தன் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் அந்தப் பாட்டைச் சேர்த்தது. அந்தத் தொகுப்பில் இடம் பிடித்த முதல் வீடியோ கேம் இசை அதுதான். செய்தியைப் படித்தபோது, அவர்கள் பாதுகாப்பது குதிப்புகளோடு உள்ளதையா, குதிப்புகள் இல்லாததையா என்று கேட்கத் தோன்றியது. எனக்கு இரண்டும் வேண்டும்.

இந்த இசையை மேடையேற்றுவது ஏதோ இணைய காலத்து மோகம் என்று பலர் நினைக்கிறார்கள். இதன் வயது அதைவிட அதிகம். தொடங்கிவைத்தவர் கொய்ச்சி சுகியாமா. ஜப்பானியத் தொலைக்காட்சிக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்துப் பெயர் வாங்கியவர். ஐம்பதைத் தாண்டிய வயதில் எனிக்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் சதுரங்க விளையாட்டு ஒன்றை ஆடிவிட்டு, பெட்டியோடு வந்த கருத்து அட்டையை நிரப்பி அனுப்பினார். ஜப்பானியச் சதுரங்கம், ஷோகி. அட்டையைப் பார்த்த நிறுவனத்தார், அந்தச் சுகியாமாவா இந்தச் சுகியாமா என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அதன் விளைவு 1986-இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டின் இசை. மறு ஆண்டு ஆகஸ்ட்டில், தோக்கியோவின் சன்டோரி அரங்கில், அந்த இசையை வாத்தியக் கலைஞர்களை வைத்து வாசிக்கச் செய்தார். நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் 'குடும்பச் செவ்வியல் இசை நிகழ்ச்சி'. பிள்ளை கேம் இசை கேட்க வருவான், கூடவே அப்பாவும் அம்மாவும் வந்துதானே ஆக வேண்டும். நல்ல கணக்கு. 2021 ஜூலையில் தோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு அவருடைய இசையோடுதான் தொடங்கியது. அன்று அணிவகுப்பு முழுவதும் கேம் இசைதான். நம் மலேசிய அணியும் அந்த இசைக்கே நடந்தது. இரண்டு மாதம் கழித்து, தொண்ணூறாவது வயதில் சுகியாமா காலமானார்.

பிறகு நடந்தவை வேகமாகச் சொல்லக்கூடியவை. 2003-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், மெண்டல்சோன் நடத்திய இசைக்குழுவின் பெயரைத் தாங்கிய கெவாண்ட்ஹவுஸ் அரங்கில், ஜப்பானுக்கு வெளியே முதல் பெரிய நிகழ்ச்சி. 2005-இல் லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கு. 2007-இல் ஸ்டாக்ஹோமில் ஃபைனல் ஃபேன்டசி என்ற விளையாட்டுத் தொடரின் இசைக்கென்றே ஒரு உலகச் சுற்றுப்பயணம் கிளம்பியது. லண்டனின் பிபிசி ப்ராம்ஸ் விழா 2022-இல்தான் கேம் இசைக்கு ஒரு மாலையை ஒதுக்கியது. தாமதம் என்றாலும் பரவாயில்லை.

ஃபைனல் ஃபேன்டசி என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1997 தொடக்கத்தில் அதன் ஏழாம் பாகம் ஜப்பானில் வெளிவந்தது. வீட்டில் அப்போது பிளேஸ்டேஷன் இருந்தது. ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போய் வாங்கிவந்த தட்டுகள், மூன்று. ஆங்கிலப் பதிப்பு வர இன்னும் பல மாதங்கள் இருந்தன. எங்களிடம் இருந்தது முழுக்க முழுக்க ஜப்பானிய மொழி. அண்ணனுக்கு ஓர் எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுச் சீனப் பையன் வந்தால் திரையில் வரும் கான்ஜி எழுத்துகளை, சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்குப் போன எழுத்துகள் அவை, பார்த்து ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பொருள் சொல்வான். "கோட்டை." "நீர்." "இறப்பு." அதற்குமேல் அவனுக்கும் புரியாது. யாருடைய கோட்டை, யார் இறந்தார் என்பதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த விளையாட்டுக்கு இசையமைத்த நோபுவோ உவேமட்சுவின் இசைதான். ஒருவர் உள்ளே வரும்போது எந்த மெட்டு வருகிறது என்று கேட்டால் போதும், நல்லவரா கெட்டவரா என்று நான் சொல்லிவிடுவேன். அண்ணன் என்னைக் கேட்டுவிட்டுத்தான் யாரை நம்புவது என்று முடிவுசெய்வார். அந்த வீட்டில் எனக்கு மரியாதை கிடைத்த ஒரே காலம் அது.

முதல் தட்டின் முடிவில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். இதைச் சொல்வதற்காக யாரும் என்மேல் கோபப்பட வேண்டாம். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவள் விழுந்த உடனே ஓர் அரக்கியோடு சண்டை தொடங்குகிறது. அதுவரை சண்டை என்றால் சண்டைக்கென்று ஓர் இசை உண்டு: தடதடவென்று பாஸ், மேலே பித்தளைக் குரல்கள். அன்று அது வரவில்லை. அந்தப் பெண்ணுக்குரிய மெல்லிய மெட்டே சண்டை முடியும்வரை ஓடிக்கொண்டிருந்தது. "தட்டில் கீறல் விழுந்துவிட்டதா?" என்று அண்ணன் திரும்பிப் பார்த்தார். கீறல் ஒன்றும் இல்லை. இசையமைத்தவரும் விளையாட்டைச் செய்தவர்களும் வேண்டுமென்றே செய்த காரியம். அண்ணன் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார், அவருக்கு வேலை இருந்தது. வேலை இல்லாத எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த மெட்டை அரங்கில் கேட்டபோது ஒன்றைக் கவனித்தேன். சுற்றிலும் உட்கார்ந்திருந்த ஆண்கள், எல்லாரும் நாற்பதை நெருங்கியவர்கள், சட்டை நுனியைத் திருகிக்கொண்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டும் இருந்தார்கள். விளையாடிய காலத்தில் அவர்களுக்கு அழ நேரம் கிடைத்திருக்காது. கை சும்மா இருந்தால்தான் காது முழுதாகத் திறக்கும் என்பது என் கட்சி. அரங்கில் கன்ட்ரோலர் யாரிடமும் இல்லை. எல்லாரும் முறைக்குக் காத்திருப்பவர்கள், முறையோ வரப்போவதில்லை. நான் சின்ன வயதில் உட்கார்ந்திருந்த பாயில் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லுமுன் அரங்கைப் பற்றி ஒரு புகார். சிம்பொனி என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் தேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில். 1998-இல் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு சேர்ந்தே பிறந்த அரங்கு அது. ஏறக்குறைய 900 இருக்கைகள்தான். மேடைக்குப் பின்னால் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த பெரிய குழல் ஆர்கன் நிமிர்ந்து நிற்கும். அங்கே சிம்பொனிக்கு மைக் கிடையாது, தேவையும் இல்லை. மேல் தளத்தில் மலிவான இருக்கையில் இருந்தாலும், கடைசி வரிசை வயலின்காரர் வில்லைத் திருப்பும் ஓசை காதில் விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பள நாளை ஒட்டி ஒரு டிக்கெட் எடுத்து, உடைக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து அக்காவின் சுடிதாரைக் கடன் வாங்கி அணிந்து போயிருக்கிறேன். காது அங்கே பழகிவிட்டது.

அப்படிப் பழகிய காதோடு, வேறொரு பெரிய மண்டபத்தில் நடந்த ஒரு கேம் இசை நிகழ்ச்சிக்குப் போனபோது வயிறு எரிந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக், இரண்டு பக்கமும் கோபுரம்போல் ஒலிபெருக்கிகள். மேடையில் இடது பக்கம் வயலின்கள் வில் வீசுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஓசையோ என் வலது தோளுக்கு மேலே தொங்கும் பெட்டியிலிருந்து வருகிறது. எண்பது பேரை மேடையில் உட்காரவைத்துவிட்டு அவர்களுடைய ஒலிநாடாவைக் கேட்கவைத்ததுபோல் இருந்தது. பெரிய மண்டபத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாசிக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்பார்கள். வழி உண்டு, சின்ன அரங்கில் இரண்டு நாள் வாசிக்கலாம். டிக்கெட் விலை ஏறும் என்பதும் தெரியும்.

அடுத்த புகார் திரை. மேடைக்கு மேலே பெரிய திரையைக் கட்டி, வாசிக்கும் இசைக்கு ஏற்ற விளையாட்டுக் காட்சிகளை ஓடவிடுகிறார்கள். ரசிகர்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் காட்சி ஓடும்போது ஆயிரம் பேரும் அண்ணாந்து அதையே பார்க்கிறார்கள், கீழே மனிதர்கள் வேர்த்து விறுவிறுத்து வாசித்துக்கொண்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. காட்சியோடு ஒத்துப்போவதற்காக நடத்துநர் காதில் டிக் டிக் என்று ஒரு கடிகார ஒலியை மாட்டிக்கொண்டு வாசிக்கவைக்கிறார். ஒரு இடத்தில் சற்று நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றினாலும் முடியாது. படம் காத்திருக்காது. திரையை இறக்கிவிட்டு வாசித்த ஒரு துண்டுதான் அன்று எனக்கு நெஞ்சில் நின்றது.

ஃபைனல் ஃபேன்டசியின் தொடக்க இசை அது. 1987-இல் முதல் பாகத்துக்காக உவேமட்சு எழுதியது. சுரங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும், அவ்வளவுதான். சில்லால் பல சுரங்களை ஒன்றாகப் பிடிக்க முடியாது என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக உதிர்த்துச் சேர்ந்து ஒலிப்பதாக நம்பவைக்கும் உத்தி. மேடையில் அது ஹார்ப்புக்குப் போனது. எனக்குப் பக்கவாட்டு இருக்கை. ஹார்ப் வாசித்த பெண்மணியின் கைகளும் கால்களும் தெளிவாகத் தெரிந்தன. 47 தந்திகள். சிவப்பும் கறுப்புமாகச் சில தந்திகளுக்கு மட்டும் வண்ணம். வழி தவறாமல் இருக்க அது அடையாளம். விரல் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். கைகள் அவசரமே இல்லாமல் ஏறி இறங்கின. கீழே ஏழு பெடல்கள். சுரக் கூட்டம் மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் சற்று முன்னதாகவே பாதம் நகர்ந்து, ஒரு பெடலைத் தாழ்த்தி அடுத்த பள்ளத்தில் பொருத்தியது. இசை மாறுவதைக் காது கேட்குமுன் அவருடைய வலது பாதம் எனக்குச் சொல்லிவிட்டது. கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஒரு மெட்டில் அடுத்து வருவதை இப்படிக் கண்ணால் முன்கூட்டி அறிவது தனிச் சுகம். எந்தத் திரையும் இதைத் தராது.

நிகழ்ச்சியின் கடைசியில் வருவது எல்லாருக்கும் தெரிந்த அந்தப் போர் இசை. ஏழாம் பாகத்தின் இறுதிச் சண்டைக்கு உவேமட்சு எழுதியது. மத்தியகால லத்தீன் கவிதைகளிலிருந்து எடுத்த வரிகளைச் சேர்ந்திசைக் குழு பாடும், நடுவில் வில்லனின் பெயரை உரக்கக் கூவும். உவேமட்சு இசைக் கல்லூரியில் படித்தவரல்லர், தானே கற்றுக்கொண்டவர். நாளுக்கு ஒன்றாகத் தோன்றியதை எல்லாம் துண்டு துண்டாகப் பதிவுசெய்துவைத்து, பிறகு அவற்றை ஒட்டி அந்த இசையை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒட்டு வேலை கேட்டால் தெரியும். இணைப்புகளை மறைக்க அவர் முயலவே இல்லை, அதுதான் அதன் மிரட்டல். "செஃபிரோத்!" என்று குழு கூவும்போது அரங்கமே சேர்ந்து கூவுகிறது. சிம்பொனி அரங்கில் பகுதிகளுக்கு நடுவே கைதட்டினாலே திரும்பி முறைக்கும் ஊரில், இது கண்கொள்ளாக் காட்சி.

இந்தக் கூட்டத்தைப் பார்த்து, இவர்களுக்குச் சங்கீதம் தெரியாது, ஏக்கத்துக்காக வருகிறார்கள் என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கர்நாடகக் கச்சேரியில் உட்கார்ந்து பார்க்கட்டும். ரசிகர் புதுப் பாட்டைக் கேட்கவா அங்கே வருகிறார்? நூறு முறை கேட்ட கீர்த்தனையைக் கேட்க வருகிறார். பல்லவியின் முதல் சொல்லிலேயே தலையாட்டிவிட்டு, இன்று இந்த வித்வான் எந்தச் சங்கதியைப் புதிதாகப் போடப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். தொடையில் தாளம் போடுகிறார், பிடித்தால் நடுவிலேயே 'பலே' என்கிறார். கேம் இசை ரசிகர் அதே இனம். ஒன்றரை நிமிடப் பாட்டை, ஒரு குகையில் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே நூற்றுக்கணக்கான முறை கேட்டவர். அதில் ஒரு சுரம் இடம் மாறினாலும் அவருக்குத் தெரியும். அவருக்கு முன்னால் புதிதாக ஒரு ஹார்ன் வரியைச் சேர்த்து வாசித்தால் இருக்கையில் நிமிர்ந்து உட்காருவார். பட்டர்வொர்த்தில் சில காலம் வயலின் கற்றுக்கொண்டபோது இப்படிக் கேட்பவர்களைத்தான் என் ஆசிரியை நல்ல காது என்று சொல்வார்.

இதில் இசையைத் திருத்தி எழுதும் கலைஞருக்குத்தான் பெரிய தலைவலி. கேம் இசைக்கு முடிவு கிடையாது. ஆடுகிறவர் எப்போது கதவைக் கண்டுபிடிப்பார் என்று யாருக்கும் தெரியாததால், கடைசிச் சுரம் முதல் சுரத்தில் போய்ப் பொருந்தும்படி வட்டமாக எழுதிவைப்பார்கள். இசைத்தட்டில் போடும்போது இரண்டு சுற்று ஓடவிட்டு ஒலியை மெல்ல மெல்லக் குறைத்துவிடுவார்கள். மேடையில் எண்பது பேரை அப்படி மெல்லக் கரையவைப்பது நடக்காத காரியம். யாராவது ஒரு முடிவை எழுதித்தான் ஆக வேண்டும். அசல் இசையமைப்பாளரே எழுதாத முடிவை. பாதிப் பேர் சோம்பேறிகள்: டிராம்போன்களை உயர்த்தி, டிம்பனியை உருட்டி, ஜால்ராவை ஓங்கி ஒரு அறை. கைதட்டல் நிச்சயம். ஒரு சோகப் பாட்டைக்கூட இப்படிக் கொன்று பார்த்திருக்கிறேன். சிலர் மட்டும் கடைசியில் ஒரே ஒரு வாத்தியத்தை விட்டுவைத்து, அது முதல் வரியைத் திரும்பத் தொடங்கிப் பாதியில் நிறுத்தும்படி செய்வார்கள். அந்த இடத்தில் கைதட்டத் தொடங்குவதா வேண்டாமா என்று அரங்கு தடுமாறும். எனக்கு அந்தத் தடுமாற்றம் பிடிக்கும்.

பெரிய குழுக்கள்தான் இதை வாசிக்க வேண்டும் என்பதும் இல்லை. பினாங்கில் ஒரு சீனப் பள்ளி மாணவர்களின் சீன வாத்தியக் குழு, ஆண்டு விழாவில் மாரியோ இசையை வாசித்துக் கேட்டேன். எர்ஹூ என்ற சீனப் பிடிலின் இரண்டு தந்திகளில் அந்த மெட்டு வழுக்கிக்கொண்டு போனது. சுரத்துக்குச் சுரம் தாவ வேண்டிய இடத்தில் இழுத்துச் சென்றார்கள், நம் கமகம் மாதிரியே. குழாய்க்குள் மாரியோ இறங்கும் இடத்தை வாசிக்க ஒரு சிறுவன் சின்ன மத்தளம் ஒன்றைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஒலியை மாற்றினான். சுருதி சில இடங்களில் பிசகியது, யார் கவலைப்பட்டார்கள்? நம் உறுமி மேளக் குழு ஒன்று ஒரு சண்டை இசையைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு முன்னால் வேண்டாம். வேறு ஏதாவது நல்ல நாளில்.

கோலாலம்பூர் நிகழ்ச்சி ஒன்றுக்கு அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். சிம்பொனி அரங்குக்குள் அவர் காலெடுத்து வைத்ததே அன்றுதான். ஓபோக்காரர் 'ஏ' சுரத்தைப் பிடிக்க, மற்றவர்கள் அதோடு சுருதி சேர்த்தபோது, "தொடங்கிவிட்டார்களா? இது எந்தக் கேம்?" என்று காதில் கேட்டார். மாரியோ வந்ததும் அவருடைய இரண்டு கட்டை விரல்களும் முழங்காலின்மேல் தாமாகவே அசைந்தன. எங்கே குதிக்க வேண்டுமோ அங்கே சரியாக அழுத்தினார். நான் ஓட்டையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்த பாட்டில் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு அவர் பழையபடி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்து, எல்.ஆர்.டி. ரயிலில் கூட்டம் குறையட்டும் என்று மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்தோம். இரண்டு தே தாரிக் சொன்னோம். அண்ணனுக்குப் பெரிய குறை ஒன்று: விளையாட்டில் மிச்ச நேரம் நூறுக்குக் கீழே இறங்கும்போது பாட்டு வேகமெடுக்குமே, அதை நடத்துநர் போதிய வேகத்தில் எடுக்கவில்லையாம். "அந்த வேகத்தில் போனால் நான் கொடிக்கம்பத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார். அதைவிட முக்கியமான விஷயம் இருக்கிறது என்றேன் நான். நீருக்கடியில் போகும் கட்டத்தின் இசை மூன்றடித் தாளத்தில் போகும் வால்ட்ஸ், கொண்டோ எழுதியவற்றிலேயே நளினமானது, அன்று குழு அதைத்தான் அழகாக வாசித்தது, செல்லோக்கள் முதல் அடியை மட்டும் தொட்டுவிட்டு விலகியதைக் கவனித்தீர்களா என்று கேட்டேன்.

"நீருக்கடியில் பாட்டு இருந்ததா?" என்றார்.

"இருந்தது, அண்ணே. இன்று ஐந்து நிமிடம் வாசித்தார்கள்."

"எனக்கு அந்த இடத்தில் அந்தக் கணவாய், சோத்தோங், துரத்தியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, பாப்பா" என்றார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு, சோத்தோங் சம்பல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.